சுண்ணாம்பு தந்த ஒளி



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலருக்கு ஆங்கிலப் பந்தி ஒன்றைத் தமிழிலே பெயர்த்துத் தருமாறு கொடுத்திருந்தேன். ஓய்வு பெற்றுவிட்ட ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிய பத்திரிகைச் செய்தி அது. ஒரு காலத்தில் எல்லாருடைய பார்வையும் அவர்மேல் இருந்தது. இப்பொழுது அவர் ‘லைம்லைற்’றை விட்டு விலகி அமைதியாக வாழ்கிறார் என்பது அதன் கடைசி வாக்கியம். ஒரு மாணாக்கன் அதனை, ‘அவர் இப்பொழுது தேசிக்காய் வெளிச்சத்தில் இல்லை’ என்று எழுதியிருந்தான். நான் அதை வாசித்ததும் வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “சேர், அம்மன் கோயிலிலே தேசிக்காய் விளக்கு ஏற்றுகிறார்கள்தானே?” என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. தேசிக்காயை இரண்டாகப் பிளந்து, சாற்றைப் பிழிந்து, தோலைப் புறம் உள்ளாகத் திருப்பிக் கிண்ணம்போலாக்கி, நெய்யூற்றித் திரியிட்டு அம்மன் சந்நிதியில் ஏற்றி வைப்பதை அவன் சிறு வயது முதல் கண்டிருக்கிறான். ‘லைம்’ என்றால் தேசிக்காய். ‘லைற்’ என்றால் வெளிச்சம். அவன் கணக்கிலே பிழை இல்லை. பிழை எடுத்த சொல்லிலே இருந்தது. அன்று வகுப்பிலே நான் அவனுக்குச் சொன்ன விடை அரைகுறையானது. வீட்டுக்குச் சென்று அகராதிகளையும் வேறு சில நூல்களையும் புரட்டிய பின்னரே அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மனிதரின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புலனாயிற்று. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆங்கிலத்திலே ‘லைம்’ என்று ஒரே எழுத்துக் கூட்டலில் மூன்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒன்று தேசிக்காய். இது அரபு மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘லெமன்’ என்ற சொல்லுக்கு உறவு. மற்றொன்று ஐரோப்பாவில் நிழலுக்காக வளர்க்கப்படும் ஒரு மரத்தின் பெயர். அது ‘லின்ட்’ என்னும் பழைய சொல்லின் திரிபு. மூன்றாவதே நாம் தேடுவது: சுண்ணாம்பு. இது ஆங்கிலத்தின் பழைய சொத்து. ஒட்டும் பொருள், பசை, சாந்து என்பதே இதன் ஆதிப் பொருள். கல்லோடு கல்லை ஒட்ட வைக்கும் சாந்தும் இதுவே. மரக்கிளையில் தடவிப் பறவையைப் பிடிக்கும் பசையும் இதுவே. ஜெர்மன் மொழியில் பசைக்கு இன்றும் இதன் உறவுச் சொல்லே வழங்குகிறது.

ஆகவே ‘லைம்லைற்’ என்றால் சுண்ணாம்பு வெளிச்சம். இப்படிச் சொன்னவுடன் உங்களுக்கு வியப்புத் தோன்றலாம். சுண்ணாம்பு நமக்குப் புதிய பொருளன்று. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த நிலம். கிணறு வெட்டினால் அக்கல். தோட்டத்தைக் கொத்தினாலும் அக்கல். வெற்றிலைத் தட்டத்திலே கரண்டகத்தில் இருப்பது சுண்ணாம்பு. தைப்பொங்கலுக்கு முன் மதிலுக்கும் சுவருக்கும் அடிப்பது சுண்ணாம்பு. நீற்றறை என்றால் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள். திருநாவுக்கரசரை ஏழு நாள் அடைத்து வைத்ததாகப் பெரியபுராணம் கூறும் அறை அதுவே. இவ்வளவு பழக்கமுள்ள பொருளிலிருந்து எப்படி வெளிச்சம் பிறக்கும்?

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 பாகை சதமளவு வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிவிடும். 100 பங்கு நிறையுள்ள கல் 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாகும். நீர் பட்டதும் கொதித்துப் பொடியாகும் நீற்றாத சுண்ணாம்பு அது. அதனை மேலும் மேலும் வெப்பமாக்கினால் என்ன நிகழும்? இரும்பு 1,538 பாகையில் உருகி நீராய்விடும். சுண்ணாம்போ 2,500 பாகை தாண்டும் வரைக்கும் உருகாமல் நிற்கும். உருகாமல் நிற்பது மட்டுமன்று. அந்த வெப்பத்தில் அது கண்ணைக் கூச வைக்கும் வெள்ளொளியை வீசும். ஆனால் அத்துணை வெப்பம் விறகிலும் கரியிலும் கிடையாது. ஒட்சிசனையும் ஐதரசனையும் கலந்து எரிக்கும் ஊதுகுழலில்தான் கிடைக்கும். அந்தச் சுவாலையைத் தனியே பார்த்தால் மங்கலாகவே தோன்றும். மங்கலான அந்தச் சுவாலை ஒரு துண்டுச் சுண்ணாம்பின்மேல் பட்டதும் வெளிச்சம் வெள்ளமாய்ப் பெருகும்.

இதனை 1820ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கண்டு காட்டியவர் கோல்ட்ஸ்வேர்தி கேணி என்னும் ஆங்கில வைத்தியர். கோண்வோல் என்னும் மாவட்டத்திலே 1793ஆம் ஆண்டு பிறந்தவர். மருத்துவம் அவருடைய தொழில். இரசாயனம் அவருடைய ஆசை. இலண்டனில் விரிவுரைகள் நிகழ்த்தினார். ஊதுகுழலைத் திருத்தி அமைத்தார். பிற்காலத்தில் நீராவியால் ஓடும் வண்டிகளைச் செய்து வீதியிலே ஓட்டியும் காட்டினார். சுண்ணாம்பின் ஒளி அவருடைய பல சோதனைகளுள் ஒன்று. அதனைப் பயனுக்குக் கொண்டுவந்தவர் வேறொருவர்.

அவர் பெயர் தொமஸ் டிறமண்ட். 1797ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிலே பிறந்து, இராணுவப் பொறியியற் படையிலே சேர்ந்து, நில அளவைத் திணைக்களத்தில் பணியாற்றினார். இலண்டனில் இரசாயன விரிவுரைகளைக் கேட்கச் செல்வது அவர் வழக்கம். மைக்கேல் பரடே போன்ற மேதைகள் பேசிய சபை அது. சுண்ணாம்பு வெப்பத்தில் பேரொளி வீசும் என்ற செய்தியை அவர் அங்கேதான் கேட்டார். கேட்டவர் பலர். அந்த ஒளி நாட்டை அளக்க உதவும் என்று நினைத்தவர் அவர் ஒருவரே.

நாட்டை அளப்பதற்கு ஒளி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்து நில அளவை முக்கோணங்களால் நடந்தது. ஒரு மலையுச்சியில் நின்று இன்னொரு மலையுச்சியைக் கருவியால் நோக்கிக் கோணம் எடுப்பார்கள். முக்கோணம் பெரிதாயின் அளவையும் பிழை குறைந்ததாயிருக்கும். ஆனால் தொலைவிலுள்ள மலையுச்சி கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! வெயில் உள்ள நாடாயின் கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டலாம். அயர்லாந்தோ மேகமும் மழையும் மூடுபனியும் நிறைந்த தீவு. 1825ஆம் ஆண்டு அங்கே அளவை தொடங்கியபொழுது, பெல்பாஸ்ற் நகருக்கு அருகிலுள்ள டிவிஸ் மலையிலிருந்து, வடமேற்கே ஏறக்குறைய 66 மைல் தூரத்திலுள்ள சிலீவ் சுனாற் மலையை நோக்க வேண்டியிருந்தது. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே நேர்கோட்டிலுள்ள தூரம் இதனிலும் குறைவு. நாட்கள் கழிந்தன, வாரங்கள் கழிந்தன, மலை தென்படவில்லை.

சிலீவ் சுனாற் என்றால் அயர்லாந்து மொழியிலே பனிமலை என்று பொருள். அந்த மலையுச்சியிலே கார்த்திகை மாதத்துக் குளிரிலும் காற்றிலும் கூடாரமிட்டுத் தங்கினார் டிறமண்ட். மதுசாரச் சுவாலையிலே ஒட்சிசனைச் செலுத்தி, அதற்கு நடுவே சிறியதொரு சுண்ணாம்பு உருண்டையை வைத்து, பின்னால் வளைந்த கண்ணாடியை அமைத்து, டிவிஸ் மலையை நோக்கி அதனைத் திருப்பினார். அவ்வாண்டு நவம்பர் மாதத்து இரவொன்றில், டிவிஸ் மலையில் காத்திருந்தோருடைய கண்களுக்கு 66 மைலுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் தோன்றிற்று. ஒரு கோலிக்குண்டு அளவினதான சுண்ணாம்பு உருண்டையின் ஒளி அது!

நேயர்களே, ‘குன்றின்மேல் இட்ட விளக்கு’ என்று நாம் உவமையாகச் சொல்லுகிறோம். இதுவோ உவமையன்று; உண்மையாகவே குன்றின்மேல் இட்ட விளக்கு. அதனை ஏற்றியவர் அங்கே பட்ட குளிரால் பின்னர் நோயுற்றார்.

அந்த ஒளிக்கு ஊரார் டிறமண்ட் விளக்கு என்று பெயரிட்டனர். கண்டு காட்டிய கேணியின் பெயர் பின்தங்கிற்று. கலங்கரை விளக்கங்களுக்கு இது பயன்படுமா என்று 1830ஆம் ஆண்டளவில் தேம்ஸ் நதியோரம் சோதித்துப் பார்த்தார்கள். ஒளி போதுமானதே. ஆனால் வாயுக்களைச் செய்வதற்கும் சேமிப்பதற்கும் ஆகும் செலவும் தொல்லையும் பெரியனவாயிருந்தபடியால் அம்முயற்சி முற்றவில்லை. டிறமண்டும் அரசியற் பணிக்குச் சென்றார். 1835ஆம் ஆண்டு அயர்லாந்து நிருவாகத்தின் துணைச் செயலாளரானார். அங்கிருந்த நிலச்சுவான்தார்கள் ஏழைக் குடியானவர்களை அடக்கப் படை கேட்டபொழுது, சொத்துடையவர்களுக்கு உரிமைகள் இருப்பதுபோலக் கடமைகளும் உண்டு என்று அவர்களுக்கு விடையெழுதியவர் இவரே. ஓயாத உழைப்பினால் உடல் தளர்ந்து, 1840ஆம் ஆண்டு, தமது 42ஆவது வயதிலே காலமானார். தாம் பணியாற்றிய அயர்லாந்து மண்ணிலேயே தம்மை அடக்கஞ் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். டப்ளின் நகரிலே அவர் சமாதி இருக்கிறது. இன்று டிறமண்ட் விளக்கு என்றால் ஆங்கிலேயருள்ளும் அறிந்தவர் சிலரே. கண்டவர் பெயரும் நிற்கவில்லை. பயன்படுத்தியவர் பெயரும் நிற்கவில்லை. எரிந்த சுண்ணாம்பின் பெயர்தான் நின்றது.

அது நிற்பதற்குக் காரணம் நாடகமேடை. 1837ஆம் ஆண்டு இலண்டனில் கொவன்ற் காடின் அரங்கிலே இந்த ஒளி மேடைக்கு வந்தது. அதற்கு முன் நாடக அரங்குகளில் மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும், பின்னர் வாயு விளக்கும் எரிந்தன. அவை மேடை முழுவதற்கும் பொதுவான வெளிச்சத்தைத் தந்தன. அரசனாக நடிப்பவன்மேல் விழுந்த வெளிச்சமே அவனுக்குக் குடை பிடிப்பவன்மேலும் விழுந்தது. சுண்ணாம்பு விளக்கு அந்த நிலையை மாற்றிவிட்டது. வில்லையின் துணையால் அதன் ஒளியைக் குவித்து, ஒருவன்மேல் மட்டும் பாய்ச்சலாம். அவன் நடந்தால் ஒளியும் கூடவே நடக்கும். நீலக் கண்ணாடியை இட்டால் அதுவே நிலவாகும். மேடையில் இருபது பேர் நிற்கும்பொழுது எவரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பார்வையாளர் தீர்மானித்த காலம் போய், விளக்கு தீர்மானிக்கும் காலம் வந்தது.

இந்த விளக்கு தானாக எரிவதன்று. ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஆள் வேண்டும். மேடையின் பக்கங்களிலே உயரத்தில் ஒரு பரணில் அவன் நிற்பான். வாயுக்களை இறப்பர் பூசிய பைகளில் அடைத்து, பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரமேற்றி அமுக்குவார்கள். பிற்காலத்திலேதான் உருக்கு உருளைகள் வந்தன. அமுக்கம் ஏறுமாறானால் வாயுக்கள் பைக்குள்ளேயே கலந்து வெடித்துவிடும். சுவாலை ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு குழிந்துவிடும். ஆகவே சில நிமிடத்துக்கு ஒரு முறை அதனைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே சுண்ணாம்பு பொடியாகும் தன்மையது. ஆகவே அதனை இறுக மூடிய தகரப் பேணிகளிலே காப்பாற்ற வேண்டும். இவற்றையெல்லாம் செய்துகொண்டே, நடிகர் ஓர் அடி எடுத்து வைக்கும்பொழுது ஒளியையும் ஓர் அடி நகர்த்த வேண்டும். கை நடுங்கினால் மேடையில் ஒளி நடுங்கும். ஹென்றி இர்விங் என்ற பெருநடிகர் இலண்டன் லைசியம் அரங்கிலே சுண்ணாம்பு விளக்குகளைக் கொண்டு செய்த காட்சிகள் புகழ் பெற்றவை. 1881ஆம் ஆண்டு சவோய் அரங்கிலே மின்விளக்கு வந்த பின்பும், இர்விங் வாயு விளக்கையும் சுண்ணாம்பு விளக்கையும் கைவிட விரும்பவில்லை.

அக்காலத்திலேதான் சொல் தன் பொருளை விரித்துக்கொண்டது. மேடையில் அந்த ஒளி விழும் இடமே நாடகத்தின் உயிரான இடம். எனவே நாட்டு வாழ்விலும் எவர்மேல் எல்லாருடைய பார்வையும் விழுகிறதோ, அவர் ‘லைம்லைற்’றில் இருக்கிறார் என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கினார்கள். பின்னர் மின்விளக்கு வந்து சுண்ணாம்பு விளக்கை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. பொருள் போயிற்று, சொல் போகவில்லை. பிரித்தானிய நாடக அரங்குகளிலே நடிகரைப் பின்தொடரும் மின்விளக்குகளை இன்றும் ‘லைம்’ என்றே அழைக்கிறார்கள். அதற்குள் ஒரு துகள் சுண்ணாம்பும் இல்லை.

ஒளி என்றால் நன்மை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அமெரிக்காவிலே இதனைக் கல்சியம் விளக்கு என்றார்கள். 1863ஆம் ஆண்டு அங்கே உள்நாட்டுப் போரின்பொழுது, சாள்ஸ்ரன் துறைமுகத்து முற்றுகையில், இரவிலும் எதிரியின் அரணைக் கண்டு குண்டு வீசுவதற்கு இந்த விளக்கே துணையாயிற்று. மேடையில் ஒருவனை அழகனாகக் காட்டிய ஒளி, போர்க்களத்தில் ஒருவனைக் குறியாகக் காட்டிற்று. வெளிச்சத்தில் நிற்பவனை எல்லாருக்கும் தெரியும் என்பதில் இரண்டு பொருளும் அடங்கியிருக்கின்றன.

அதனை நன்கு அறிந்தவர் சார்ளி சப்ளின். 1952ஆம் ஆண்டு அவர் எடுத்த படத்துக்கு ‘லைம்லைற்’ என்றே பெயரிட்டார். ஒரு காலத்தில் பேர்பெற்ற கோமாளி ஒருவன், வயது போய்விட்டது, மக்கள் அவனை மறந்துவிட்டார்கள். வாழ்வில் நம்பிக்கை இழந்த இளம் நடனப் பெண்ணொருத்தியை அவன் காப்பாற்றி நடக்க வைக்கிறான்; ஆட வைக்கிறான். முடிவிலே அவள் மேடையின் ஒளியில் ஆடிக்கொண்டிருக்க, அவன் திரைச்சீலையின் ஓரத்து இருளிலே உயிர் விடுகிறான். அப்படத்தின் முதற் காட்சிக்காகச் சப்ளின் கப்பலேறி இலண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தபொழுது, அமெரிக்க அரசாங்கம் அவர் மீண்டும் நாட்டுக்குள் நுழைவதற்கிருந்த அனுமதியை நீக்கிற்று. அப்படத்தின் இசைக்கு அமெரிக்கரின் ஒஸ்கார் விருது கிடைத்தது இருபது ஆண்டுகளின் பின், 1973ஆம் ஆண்டில். உலகெங்கும் அறியப்பட்ட முகமும் ஒரே நாளில் இருளுக்குத் தள்ளப்படலாம்.

சுண்ணாம்பு விளக்கு நம் ஊருக்கு வந்து பழகவில்லை. ஆனால் அதன் உறவினன் ஒருவனை உங்களில் மூத்தோர் யாவரும் அறிவீர்கள். பெற்றோமக்ஸ் விளக்குத்தான் அது. அதில் எரிவது மண்ணெண்ணெயின் ஆவி. ஒளி வீசுவது அச்சுவாலையன்று, மென்டில் எனப்படும் வலை. உண்மையில் அது வலையுமன்று. வலை எரிந்துபோக எஞ்சிய சாம்பல். ஓஸ்திரிய இரசாயன அறிஞர் கார்ல் அவுவர் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதனைச் செப்பனிட்டார். 99 பங்கு தோரியம் ஒட்சைட்டும் ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டும் சேர்ந்த சாம்பல் அது. சுண்ணாம்பைப் போலவே வெப்பத்தில் உருகாது நின்று ஒளிர்வது. அக்காலத்தில் தோரியத்துக்கு மிகுந்த தேவை இருந்தது. 1904ஆம் ஆண்டு இலங்கையிலே தோரியம் செறிந்த புதிய கனிமம் ஒன்று வெளிப்பட்டது. தோரியனைற்று என்று அதற்குப் பெயர். அதனை உலகம் அறியச் செய்ததில் பெரும் பங்கு கொண்டவர், அப்பொழுது இலங்கைக் கனிமப் பரிசோதனைப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி. கலை விமரிசகராக உலகு போற்றும் குமாரசுவாமி, விளக்கின் வலைக்கு வேண்டிய கனிமத்தைத் தேடி மலைநாட்டு ஆறுகளிலே நடந்தவர் என்பதை எத்தனை பேர் அறிவர்?

பெற்றோமக்ஸ் என்றதும் என் நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் அரிய பொருள். பிள்ளைகள் போத்தல் விளக்குகளிலே படித்தார்கள். நான் அப்பொழுது இளம் ஆசிரியன். அத்தகைய காலத்திலும் பாடசாலையிலே ஒரு நாடகம் மேடையேற்ற வேண்டும் என்று முயன்றோம். கடைக்காரர் ஒருவர் பெற்றோமக்ஸ் விளக்கும் எண்ணெயும் தந்து உதவினார். மேடையின் ஓரத்தில் முக்காலியொன்றில் ஏறி நின்று அந்த விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு மாணாக்கனை நியமித்தேன். பேச்சுத் திருந்தாத பிள்ளை. அதனால் வேடம் கொடுக்கவில்லை. காற்றுக் குறையக் குறைய அவன் பம்பு அடிக்க வேண்டும். இரவுக் காட்சிக்கு ஒரு தகரத்தால் ஒளியை மறைக்க வேண்டும். அரசகுமாரன் வரும்பொழுது தகரத்தை விலக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஒரு தடவையும் அவன் தவறவில்லை. நாடகம் சிறப்பாக நிறைவெய்திற்று.

நன்றியுரை கூறியவன் நானே. விளக்குத் தந்த கடைக்காரரின் பெயரைச் சொன்னேன். வாங்குகள் தந்தவரின் பெயரைச் சொன்னேன். விளக்கைப் பிடித்தவன் பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லுவது சுலபம். உண்மையில் அது என் எண்ணத்திலேயே வரவில்லை. கூட்டம் கலைந்த பின்னர் ஒரு தாய் என்னிடம் வந்து, “சேர், என்ரை பொடியன் எந்த இடத்திலை வந்தவன்? நான் காணேல்லை” என்று கேட்டார். முன் வரிசையில் இடம் பிடித்து, நாடகம் முடியும் வரையும் ஒவ்வொரு முகமாகத் தம் பிள்ளையைத் தேடியிருக்கிறார். “அவன் மேடைக்கு வரவில்லை அம்மா, விளக்கைப் பிடித்தவன்” என்றேன். “நாடகத்திலை நிக்கிறன் எண்டுதான் சொன்னவன்” என்று சொல்லி, அந்தத் தாய் எரிந்துகொண்டிருந்த விளக்கின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவன் பொய் சொல்லவில்லை. நாடகத்திலேதான் நின்றான். அடுத்த நாள் வகுப்பிலே அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டினேன். ஆனால் அந்தத் தாய் இருந்த சபையிலே சொல்ல வேண்டியதை அவர் இல்லாத வகுப்பிலே சொல்லி என்ன பயன்? தகரம் சூடேறி அவன் விரல்கள் கொப்பளித்திருந்ததையும் அன்றுதான் கண்டேன். சில மாதங்களின் பின் அக்குடும்பம் இடம்பெயர்ந்து போய்விட்டது. அதன் பிறகு அவனை நான் காணவில்லை.

இப்பொழுது நான் அதிபராயிருக்கும் பாடசாலையிலே நாடக அழைப்பிதழ் அச்சிடும்பொழுது, திரை இழுப்பவன் முதல் வாங்கு அடுக்குபவன் வரை எல்லாருடைய பெயரும் அதிலே இருக்கும். அச்சுச் செலவு கூடுகிறது என்று அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவர் குறைப்பட்டதுண்டு. கூடட்டும் என்று விடுகிறேன். ஆயினும் இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பரீட்சைப் பெறுபேறு வந்ததும் சிறந்த சித்தி பெற்ற மூவருடைய படத்தை வாயிலிலே கட்டுகிறோம். அவர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்த நண்பனையும், தம்பிக்காகத் தன் படிப்பை விட்ட அக்காவையும் எங்கே கட்டுவது? எல்லாரையும் ஒளிக்குள் கொண்டுவர முடியாது. எல்லார்மேலும் விழும் ஒளி மீண்டும் பொது வெளிச்சமாகிவிடும். ஆகவே பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியது, ஒளியிலே நிற்பதற்கு மட்டுமன்று. தம்மேல் ஒளி விழும்பொழுது அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதற்குமாம்.

‘லைம்லைற்’ என்பதற்குத் தமிழ் யாது? சுண்ணாம்பு ஒளி என்றால் விளங்காது. தேசிக்காய் வெளிச்சம் என்றால் சிரிப்பார்கள். புகழொளி என்று எழுதலாம் என்று அந்த மாணாக்கனுக்குச் சொன்னேன். பின்னர் சிந்தித்தபொழுது, ஒளி என்ற ஒரு சொல்லே போதும் என்று பட்டது. பழைய உரையாசிரியர் ஒளி என்னும் சொல்லுக்கு, ஒருவர் உயிரோடு உள்ள காலத்தில் எல்லாராலும் மதிக்கப்படுதல் என்று பொருள் கொள்வர். இறந்த பின்னும் நிற்பது புகழ். அந்த வேறுபாட்டை நம் முன்னோர் ஒரு விளக்கின் துணையுமின்றிக் கண்டுவிட்டார்கள். மேடை விளக்கு தருவது ஒளி. அது அணைந்த பின்னும் எஞ்சுவது எதுவோ அதுவே புகழ்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் ஒளி என்றால் பிரகாசம். ஒளி என்றால் மறைந்திரு என்றும் பொருள். இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்று இலக்கணம் வல்லோர் கூறுவர், அது சரியே. ஆயினும் பரணின்மேல் ஒளிந்திருந்து ஒளி தந்தவனை நினைக்கும்பொழுது, அவ்விரண்டும் ஒரே எழுத்தில் வந்து கூடியிருப்பது எனக்கு ஒரு மகிழ்ச்சியைத் தருகிறது.

நேயர்களே, இந்தப் பேச்சை உங்கள் வீட்டிலே நீங்கள் கேட்கிறீர்கள். என் குரல் மட்டுமே உங்களுக்கு எட்டுகிறது. எனக்கு எதிரே கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் அமர்ந்து, என் குரல் ஏறினால் தணித்தும் தாழ்ந்தால் உயர்த்தியும் அதனை உங்களிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவருடைய பெயர் இந்நிகழ்ச்சியில் அறிவிக்கப்படுவதில்லை. அவருக்கு என் நன்றியைச் சொல்லி, இப்பேச்சை நிறைவு செய்கிறேன்.